மெரூன் சைடும் பச்சை சைடும்

வெள்ளைக்காரன் போகும்போது ரயிலை விட்டுப் போனான், கோர்ட்டை விட்டுப் போனான் என்றெல்லாம் சொல்வார்கள். ‘சைடு’ என்று ஒரு சொல்லையும் விட்டுப் போனான், அதை யாரும் சொல்வதில்லை. ரயிலும் கோர்ட்டும் இல்லாவிட்டாலும் நாம் எப்படியாவது பிழைத்திருப்போம். சைடு இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

எங்கள் சங்கரன்கோவிலில் ஒரு சாதாரண மனிதனை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து சைடு வகிடு எடுக்கிறான். பைக்கின் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறான். முன்னால் போகிற திருவேங்கடம் டவுன் பஸ் சைடு தரமாட்டேன் என்கிறது. பகலில் ஒரு வேலை, சாயங்காலம் சைடு பிசினஸாக வீட்டுமனை. புரோட்டாவுக்கு சைடு டிஷ். அதைத் தின்று வயிறு கெட்டு மாத்திரை போட்டால் சைடு எஃபெக்ட். பக்கத்து வீட்டுக்காரன் சுவர் சாய்ந்தால் “சைடு வாங்கிருச்சு” என்பான், அதனால் சண்டை வந்தால் “எங்க சைடுல தப்பே இல்ல” என்பான். (தப்பு முழுக்க அவன் சைடில்தான் இருக்கும், அது வேறு கதை.)

இத்தனை இடத்தில் சாதுவாகப் புழங்குகிற இந்தச் சொல்லுக்குக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கொம்பு முளைத்துவிடும். “மாப்பிள்ளை சைடா, பொண்ணு சைடா?” என்று வாசலிலேயே கேட்பார்கள். இதற்கு ஒரு பதில்தான் சொல்லலாம். நான் ஒரே கல்யாணத்தில் ரெண்டு பதிலும் சொல்லிப் பார்த்தவன். அதில் என்ன ஆயிற்று என்பதை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஆட்கள் சொல்லி நீங்கள் கேட்டால் எனக்கு மிச்சமிருக்கிற மரியாதையும் போய்விடும்.

மாப்பிள்ளை, என் பெரியப்பா மகன் சங்கர் அண்ணன். பெண், சிவகிரியில் இருக்கும் என் மாமா மகள் கோமதி. (எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு சங்கர் மேலோ ஒரு கோமதி மேலோதான் விழும்.) அதாவது, அப்பா மாப்பிள்ளை சைடு, அம்மா பொண்ணு சைடு. நிச்சயம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு எல்லைக்கோடு விழுந்துவிட்டது. நான் அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

சாதாரண வீடாக இருந்தால் இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். எங்கள் வீட்டில் முடியாது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

எல்லாம் என் அக்கா கல்யாணத்தில் நடந்தது. தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் மணவறையில் உட்கார வேண்டும். மாமா சிவகிரியிலிருந்து சீர்வரிசையோடு வேன் பிடித்துக் கிளம்பிவிட்டார். வழியில் வேன் மக்கர் பண்ணிவிட்டது. இங்கே முகூர்த்தம் தாண்டிக்கொண்டிருந்தது. அப்பா பார்த்தார், பார்த்தார், ஒன்றுவிட்ட மாமா ஒருவரைக் கூப்பிட்டு மாலையைப் போடச் சொல்லிவிட்டார். அந்த மாலை விழுந்து கொஞ்ச நேரத்தில் சிவகிரி மாமா கையில் மாலையோடு வாசலில் வந்து நின்றார். மேடையைப் பார்த்தார். மண்டபத்து வாசல் பிள்ளையாருக்கு அந்த மாலையைப் போட்டுவிட்டு, கை நனைக்காமல் போய்விட்டார்.

“முகூர்த்தம் யாருக்காகவும் நிக்காது” என்பது அப்பாவின் கட்சி. “தாய்மாமனுக்காக நிக்காத முகூர்த்தம் என்ன முகூர்த்தம்” என்பது மாமாவின் கட்சி. ரெண்டு பேர் சொன்னதும் சரி. அதனால்தான் சண்டை தீரவே இல்லை. ஒருத்தராவது தப்பாகப் பேசியிருந்தால் அடுத்த பொங்கலுக்குள் ராசியாகியிருப்பார்கள்.

இதில் அடிபட்டது அம்மாதான். பிறந்த வீட்டிலிருந்து வரும் பொங்கல்படி நின்றுபோனது. ஊர்ச் சேதியெல்லாம் யாரோ சொல்லித்தான் தெரியும். ராஜபாளையத்துக்கு சிவகிரி வழி பஸ்ஸில் போகும்போது அந்த ஊர் நிறுத்தம் வந்தால் அம்மா பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள். பஸ் கிளம்பும் வரைக்கும் அந்தப் பொருள் கிடைக்காது.

ஆடித்தபசுக்கு மட்டும் அம்மா தவறவே மாட்டாள். கூட்டம் எப்படி இருந்தாலும் முண்டியடித்து முன்னால் போய் நின்றுவிடுவாள். கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்து, தன் புருஷன் சிவனையும் அண்ணன் பெருமாளையும் ஒரே உருவில் நிற்கவைத்துப் பார்த்த ஊர் இது. வலது பாதி சிவன், இடது பாதி பெருமாள், சங்கரநாராயணர். அம்மாவின் வேண்டுதலும் அதேதான். “ஆத்தா, நீ உன் புருஷனையும் பொறந்தவனையும் ஒண்ணா நிக்க வச்சுப் பாத்துட்ட. எனக்கும் அப்படி ஒரு தடவ காட்டிரு” என்று சத்தமாகவே சொல்லுவாள். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

பெரியப்பா வீட்டிலிருந்து சம்பந்தம் பேசப் போனபோது மாமா மறுக்கவில்லை. “பையன் தங்கம். அவன் சித்தப்பனத்தான் சகிக்காது” என்றாராம். அந்தச் சித்தப்பன் என் அப்பா. அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. “பொண்ணு மகாலெச்சுமி. அவ அப்பன் மூஞ்சிய மட்டும் மறைச்சுக்கிட்டா நல்லது” என்றார்.

இந்த லட்சணத்தில்தான் சட்டை வந்தது.

இப்போதெல்லாம் கல்யாணத்தில் ஒவ்வொரு சைடும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு வருவது ஒரு வழக்கமாகிவிட்டதல்லவா, அது அப்போதுதான் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சைடுக்கு மெரூன் என்று பெரியம்மா முடிவெடுத்தாள். ஆண்களுக்கு மெரூன் சட்டை, பெண்களுக்கு மெரூன் சேலை. எனக்குத் தைத்து வந்த முழுக்கைச் சட்டையில் கை கொஞ்சம் இறுக்கம். வலது கையில் நான் ஒரு தடித்த செம்புக் காப்பு போட்டிருந்தேன். (கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். காப்பு போட்டால் ஆள் கெத்தாகத் தெரிவான் என்று எவனோ சொன்னதை நம்பியிருந்தேன்.) அந்தக் காப்புக்கு மேல் கைப்பட்டியை இழுத்துப் பட்டன் போட அம்மாவும் நானும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

ரெண்டு நாள் கழித்து சிவகிரியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. மாமாவுக்குத் தெரியாமல் கோமதி அனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு பச்சைச் சட்டை. பொண்ணு சைடுக்கு அதுதான் நிறம். அம்மா அந்தச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சேலை வரவில்லை. “எனக்கு வரலன்னா என்ன, உனக்கு வந்துருக்குல்ல” என்றாள்.

அம்மா கெட்டிக்காரி. பெரியம்மா கொடுத்த மெரூன் சேலைக்குத் தன் காசில் பச்சை ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். மெரூனுக்குப் பச்சை எடுப்பாக இருக்கிறது என்று பெரியம்மாவே பாராட்டினாள். அதன் உள்ளர்த்தம் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அப்பா எந்த நிறமும் வேண்டாம் என்று வெள்ளைச் சட்டையே போட்டுக்கொண்டார். நடுநிலைமை எல்லாம் இல்லை, வீம்பு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் முறைப்பையனை, அதாவது அத்தை மகனை, மேடைக்குக் கூப்பிடுவார்கள். பெண்ணின் அப்பா ஒரு தட்டில் வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம் வைத்து அவனுக்கு மரியாதை செய்வார். அவன் “எனக்குச் சம்மதம்” என்று சொன்ன பிறகுதான் தாலி. கோமதிக்கு நேரான அத்தை மகன் நான்தான். அவள் என்னைவிட மூத்தவள், சின்ன வயதில் என் தலையில் நிறையக் குட்டியிருக்கிறாள், ஆகவே எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அந்தத் தட்டுதான் உயிர்.

“அப்பா அன்னைக்கு வேற மாமனக் கூப்பிட்டு மாலை போட வச்சாருல்லா. அதே மாதிரி உன் மாமன் நாளைக்கு வேற முறைப்பையனக் கூப்பிடுவான்னு பேசிக்கிடுதாங்க. ராசபாளையத்துல ஒன்னுவிட்ட அக்கா மவன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் பச்சைச் சட்டை போயிருக்காம்” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உன்னக் கூப்பிட்டான்னா என்னக் கூப்பிட்ட மாதிரிலே. கூப்பிடலன்னா எனக்குப் பெறந்த வீடு இல்ல, அவ்வளவுதான். நீ பச்சைச் சட்டையப் போட்டுக்கிட்டு அவன் கண்ணுல பட்டுக்கிட்டே நில்லு.”

சரிம்மா என்றேன். வெளியே வந்தால் முன்னறையில் அப்பா. மாப்பிள்ளைக்குத் தம்பியாக லட்சணமாய் மெரூன் சட்டையோடு அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும், பொண்ணு சைடில் தலை தெரிந்தால் காலை ஒடித்துவிடுவதாகச் சொன்னார். சரிப்பா என்றேன். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்வது என் பிறவிக் குணம். அதை நான் அந்த வயதில் நல்ல குணம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மண்டபம். என் திட்டம் எளிமையானது. சமையல்கட்டை ஒட்டி, காய்கறி மூட்டையும் வாழை இலைக்கட்டும் கிடந்த ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது. அதில் ஒரு ஆணியில் மெரூன், ஒரு ஆணியில் பச்சை. தேவைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வது. மாமா வாசலில் நின்றால் பச்சையில் போய்ச் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணில் பட்டேன். அப்பா வருவது தெரிந்தால் ஓடிப்போய் மெரூனில் அண்ணனுக்கு விசிறினேன். முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாகப் போனது. இந்த உலகத்தில் மக்கள் ஏன் ஏதாவது ஒரு சைடில் போய் நின்று அவதிப்படுகிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றியது.

தவசுப்பிள்ளைக்கு, அதாவது தலைமைச் சமையல்காரருக்கு, நாங்கள் இரட்டைப் பிள்ளைகள் என்று எண்ணம். மெரூனில் போனபோது ரெண்டு வடையோடு பொங்கல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பச்சையில் போனபோது, “உங்க அண்ணன் இப்பதான் தின்னுட்டுப் போறாப்ல, நீங்களும் உக்காருங்க” என்று மறுபடியும் இலையைப் போட்டார். மறுக்கலாமா, நான்தான் யாருக்கும் இல்லை என்று சொல்கிற ஆள் கிடையாதே. தின்றேன்.

சிக்கல் பந்தியில் ஆரம்பித்தது. முகூர்த்தம் உச்சிவேளைக்கு என்பதால் பந்தியை முன்னாலேயே போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை சைடு என்றால் ஏதாவது குறை சொல்ல வேண்டும், அது முறை. குறையே சொல்லாமல் சாப்பிட்டுப் போனால் இவர்களுக்கு விவரம் பத்தாது என்று பொண்ணு சைடே நினைத்துவிடும். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, சாம்பாரில் உப்பு இல்லை என்று பொண்ணு சைடில் போய்ச் சொல்லச் சொன்னார். போனேன், பச்சையை மாட்டினேன். மாமாவின் பங்காளி ஒருவர்தான் பந்தி விசாரணை. அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர், உப்பு சரியாகத்தான் இருக்கிறது, அவர்கள் நாக்கில்தான் கோளாறு என்று சொல் போ என்றார். வந்தேன், மெரூனை மாட்டினேன். இன்னொரு தடவை ஊற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று பெரியப்பாவிடம் மாற்றிச் சொன்னேன். பிறகு அப்பளம் நமுத்துவிட்டது என்றார்கள். பிறகு அதற்கு ஒரு பதில். இப்படியே நானே குறை சொல்லி, நானே கேட்டு, நானே கோபப்பட்டு, நானே சமாதானமாகி, பந்தி முடிவதற்குள் ரெண்டு பக்கத்துச் சண்டையையும் ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தேன்.

சட்டை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துவிட்டது. அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. எதற்கு மாற்ற வேண்டும்? பச்சையைப் போட்டு அதற்கு மேலேயே மெரூனைப் போட்டுக்கொண்டால், தேவைப்படும்போது மேலே இருப்பதைக் கழற்றினால் போதுமே. இதைக் கண்டுபிடித்ததற்காக நான் என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். (ரெண்டு சட்டை போட்டிருந்ததால் தட்டியது தெரியவில்லை.) ஆவணி மாதப் புழுக்கத்தில் ரெண்டு முழுக்கைச் சட்டை. உள்ளே ரெண்டு பொங்கல். ஆவியில் வைத்த கொழுக்கட்டை என்ன பாடுபடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பாயசத்தில் முந்திரி இல்லை என்ற புகாரோடு மெரூனில் நின்றுகொண்டிருந்தபோது மேளச் சத்தம் நின்றது. மைக்கில் ஒரு குரல், பொண்ணோட முறைப்பையன் மேடைக்கு வரவும் என்றது. ஓடினேன். சாப்பாட்டுக்கூடம் கீழே, மேடை மேலே. படிக்கட்டில் பாதி ஏறியபோதே மேடை தெரிந்தது.

மாமா கையில் தட்டோடு நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ராஜபாளையத்துக்காரன் பச்சைச் சட்டையில், தலைவாரி, பவுடர் போட்டுத் தயாராக நின்றான். மணவறைக்கு ஓரமாகப் பெண்கள் கூட்டத்தில் அம்மா. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சடங்கு நடத்தி வைத்த ஊர்ப் பெரியவர் ராஜபாளையத்துக்காரன் தோளில் கைவைத்து, இவன்தானே என்று கேட்டார்.

மாமா தட்டிலிருந்த வெற்றிலையை நேராக அடுக்கினார். மண்டபமே அவர் வாயைப் பார்த்தது. பிறகு அவர் தலையை ஆட்டி, “அவன் இல்ல. எங்க அக்கா மவன் எங்க?” என்றார்.

அம்மாவின் வாயிலிருந்து தலைப்பு நழுவி விழுந்தது. அவள் கண் கூட்டத்தில் என்னைத் தேடியது. பச்சையைத்தான் தேடியிருப்பாள். நானோ படிக்கட்டில் மெரூனாக நிற்கிறேன். இந்த மெரூனோடு மேடையேறினால் என்ன அர்த்தம்? அத்தனை வருஷத்துக்குப் பிறகு இறங்கி வந்து கூப்பிட்டவரிடம், நான் உங்க ஆள் இல்லை, அவங்க சைடு என்று ஊர் முன்னால் சொன்ன மாதிரி. மாமா இந்தத் தடவை தட்டைக் கொண்டுபோய் வைக்கப் பிள்ளையாரைக்கூடத் தேடமாட்டார்.

ஓடிக்கொண்டே பட்டனைக் கழற்றினேன். இடது கை சுளுவாக வந்துவிட்டது. வலது கையை இழுத்தேன். வரவில்லை. கைப்பட்டியின் பட்டனைக் கழற்ற மறந்துவிட்டேன். சட்டைக் கை உள்பக்கம் வெளியாகப் புரண்டு, அந்தப் பாழாய்ப்போன காப்பில் போய் இறுக்கிக்கொண்டது. இன்னும் இழுத்தேன், இன்னும் இறுகியது. மாட்டிவிட்டாவது தொலைப்போம் என்று திரும்பத் தோளுக்கு ஏற்றினேன். அதற்குள் யாரோ நல்ல மனிதர்கள், நேரமாகிறது என்று என்னை முதுகில் கைகொடுத்து மேடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மாமா முன்னால் போய் நின்றேன். வலது பாதி மெரூன், இடது பாதி பச்சை. நடுநெஞ்சில் நூல் பிடித்த மாதிரி கோடு. மெரூனின் மிச்சம் பின்னால் தோகையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு நான் மூச்சு வாங்கிக்கொண்டே, வலது கையை ஆசீர்வாதம் பண்ணுவதுபோல் தூக்கிப் பிடித்திருந்தேன். கைப்பட்டி இறுக்கியதில் விரல் மரத்துவிட்டது, கீழே விட்டால் வலித்தது.

மண்டபத்தில் எல்லோரும் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் சங்கரன்கோவிலிலும் சுத்துப்பட்டிலும் பிறந்து வளர்ந்தவர்கள். அந்த உருவத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறவர்கள். மூன்றாவது வரிசையில் ஒரு வயதான அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சங்கரா, நாராயணா” என்றாள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, பழக்கதோஷம். அவ்வளவுதான், மண்டபம் குலுங்கிப் போனது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வலதும் இடதும்கூட மாறவில்லை என்று பந்தி விசாரித்தவர் பின்னாலிருந்து எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கோமதி மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சங்கர் அண்ணன் தாலியை எடுக்க வேண்டிய கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சிரிக்காதவர் மாமா ஒருத்தர்தான். தட்டை ஏந்திய கை அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னை உச்சியிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். திட்டமிட்டு அவமானப்படுத்த வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் என்றே எனக்குப் பட்டது. கை மெல்லக் கீழே இறங்கியது. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் காப்பு, பட்டன், பாயசம் என்று என்னென்னவோ உளறினேன். கீழேயிருந்து அப்பா, “ஏலே, அதக் கழத்தித் தொலைலே” என்று பல்லைக் கடித்தார். கழற்ற முடிந்தால் நான் ஏன் இப்படி நிற்கிறேன்?

மாமா என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். அவள் மெரூன் சேலையைப் பார்த்தார். அதற்குள்ளிருந்த பச்சை ஜாக்கெட்டையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஜாக்கெட்டின் உள்ளர்த்தத்தை மண்டபத்திலேயே அவர் ஒருத்தர்தான் படித்தார் என்று நினைக்கிறேன். அவர் முகம் என்னவோ போல ஆகிவிட்டது.

“எக்கா” என்றார். என் அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. “உம் மவன் எந்த சைடுக்கா?”

அம்மாவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அவள் வாய் சும்மா இருக்குமா. “நான் ஆத்தாகிட்ட கேட்டது இப்படித்தான்டா தம்பி. அவ வரத்தக் குடுத்துட்டா, தையல்தான் கொஞ்சம் சரியில்ல” என்றாள்.

மாமா சிரித்தார். தோள் குலுங்க, சத்தமே வராமல், கடைசியில் மட்டும் ஒரு கேவலோடு முடிகிற சிரிப்பு. அம்மாவின் சிரிப்பும் அப்படியே இருக்கும். அக்காவும் தம்பியும் மேடையில் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே மாதிரி சிரிப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அழுகிறார்களா என்று பெரியவர் பயந்துபோய் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தட்டு என் கைக்கு வந்தது. ஒரு கையால் வாங்கினேன், இன்னொரு கைதான் ஆசீர்வாதத்தில் இருந்ததே. சம்மதமா என்று பெரியவர் கேட்டார். ரெண்டு சைடும் சம்மதம் என்று பதற்றத்தில் சொல்லித் தொலைத்தேன். அதற்கும் ஒரு சிரிப்பு. ராஜபாளையத்துக்காரன் மட்டும் பவுடர் முகத்தோடு பாவமாக நின்றான், அந்தப் பாவத்தை இன்றைக்கும் நான் சுமக்கிறேன்.

காப்பைக் கழற்றச் சோப்பு கொண்டுவர ஒருத்தன் ஓடினான். மாமா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். போட்டோக்காரரைக் கூப்பிட்டு, இவன் இப்படியே இருக்கும்போதே எடுங்கள் என்றார். வலது பக்கம் யார், இடது பக்கம் யார் என்று ஒரு யோசனை வந்தது. மாமா முன்வரிசையைப் பார்த்து, பொதுவாகக் காற்றிடம் சொல்வதுபோல், “மெரூன் சைடுக்கு ஆள் வேணும்லா, அத்தான மேல வரச் சொல்லு” என்றார். அப்பா கொஞ்ச நேரம் வேட்டியைச் சரிபண்ணினார். பிறகு எழுந்து வந்து என் வலது பக்கம் நின்றார். மாமா இடது பக்கம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. அப்பா எதிரே இருந்த குத்துவிளக்கிடம் மட்டும், “சாம்பார்ல உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு” என்றார். அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே மன்னிப்பு அதுதான்.

அந்தப் போட்டோ சிவகிரி மாமா வீட்டு முன்னறையில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. சங்கர் அண்ணன் கோமதி கல்யாணப் படம் அதைவிடச் சின்னது, அதுவும் உள்ளறையில். அந்தத் தைமாதமே பொங்கல்படி வந்தது. கரும்பு, மஞ்சள்குலை, அரிசி வெல்லத்தோடு அம்மாவுக்கு ஒரு பச்சைச் சேலை. அவள் அன்றைக்கே அதற்கு மெரூன் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது ராஜபாளையம் பஸ்ஸில் போனால் சிவகிரி வருவதற்கு ரெண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து நின்றுகொள்கிறாள். கண்டக்டர் உட்காரச் சொன்னாலும் கேட்பதில்லை.

என் நிலைமைதான் தேறவில்லை. சொந்தத்தில் என் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, எல்லோருக்கும் நான் சங்கரநாராயணர். ஒவ்வொரு ஆடித்தபசுக்கும் மாமா போன் பண்ணி, இன்னைக்கு உனக்குத்தானே விசேஷம், நடை சாத்தியாச்சா என்று கேட்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். அதைக் கேட்டுவிட்டும் என்னைக் கட்டிக்கொண்டவள் என் மனைவி. அவளுடைய பொறுமையை வேறு யாரும் சோதிக்க வேண்டியதில்லை.

போன வாரம்கூட வீட்டில் ஒரு தகராறு. புளிக்குழம்பில் வெல்லம் போடலாமா கூடாதா என்று அம்மாவுக்கும் மனைவிக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. கடைசியில் ரெண்டு பேரும் கரண்டியோடு என் முன்னால் வந்து நின்று, நீ சொல்லு, நீங்க சொல்லுங்க என்றார்கள். நான் ரெண்டு முகத்தையும் பார்த்தேன். கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் இல்லாமல் என்று ஏதோ இழுத்தேன். ஒன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அப்பாட்ட கேக்காதீங்க. அவங்களுக்குக் கை மாட்டிக்கிச்சு” என்றாள்.